பூட்டுக் கம்பனித் தந்தையும் சிலிக்கோன் குழாயும்

மனித மூளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் நீரைச் சுரக்கிறது. அது வடிய வழியின்றித் தேங்கினால் குழந்தையின் தலை பெருத்துவிடும், மூளை நசுங்கும். தேங்கும் நீரைத் தோலின் கீழ் புதைத்த குழாய் மூலம் இதயத்துக்கோ வயிற்றறைக்கோ வடிப்பது இன்றும் இதற்கான பிரதான சிகிச்சை. இதில் சத்திரசிகிச்சையின் நுணுக்கங்களை வைத்தியர்கள் எழுதட்டும். கலைப்பட்டதாரியான என்னை ஈர்த்தது, அந்தக் குழாயை எதனால் செய்வது என்ற கேள்விதான்.

1950களில் பொலித்தீன், பொலிவைனைல் குளோரைட்டுக் குழாய்களைப் பரீட்சித்தார்கள். முன்னது விறைப்பானது, மடிந்துபோகும். பின்னதில் மென்மைக்காகக் கலந்த இரசாயனம் உடலினுள் கசிந்து வெளியேற, குழாய் இறுகிவிடும்.

1955 நவம்பரில் பிலடெல்பியாவில் இந்நோயுடன் பிறந்தான் கேஸி. அவனுடைய தந்தை ஜோன் ஹோல்டர் வைத்தியர் அல்லர். பூட்டுகள் செய்யும் யேல் அன்ட் டவுன் கம்பனியின் தொழில்நுட்பவியலாளர். றப்பர் குழாயில் ஊசியைக் குத்தி எடுத்த பின்னரும் அந்தத் துளையால் ஒழுகவில்லை என்பதை அவர் வைத்தியசாலையில் கவனித்தார். உள்ளிருந்து அழுத்தம் கூடினால் திறந்து, குறைந்தால் மூடிக்கொள்ளும் கீறல்! வால்வுக்கான வழி கிடைத்துவிட்டது. ஆனால் சாதாரண றப்பர் உடலுக்கு ஒவ்வாது. கிருமி நீக்கும் வெப்பத்தையும் நெடுநாள் தாங்காது. இரண்டையும் தாங்கியது சிலிக்கோன். அதன் முதுகெலும்பு காபன் அல்ல, மாறிமாறி அமைந்த சிலிக்கனும் ஒட்சிசனும். மென்மைக்கென வேறெதையும் கலக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் கலிபோர்னியாவில் றொபேட் புடென்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் தமது ஆய்வுகளின் வழியே சிலிக்கோனையே வந்தடைந்தார்.

1956 இல் வைத்தியர் யூஜின் ஸ்பிட்ஸ் ஹோல்டரின் வால்வை முதலில் பொருத்தியது வேறொரு குழந்தைக்கு. கேஸி அப்போது அதைத் தாங்கும் நிலையில் இருக்கவில்லை. ஐந்து வயதில் அவன் இறந்தான். தந்தையோ வால்வு செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார்.

சிலிக்கோனும் குறையற்றதல்ல. ஆண்டுகள் செல்ல அதில் சுண்ணம் படியும். பிள்ளை வளர வளரக் கழுத்தடியில் குழாய் முறிவதுண்டு. கிருமிகளும் ஒட்டிக்கொள்ளும். இதற்காகச் சிலிக்கோனிலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஊறவைத்த குழாய்கள் வந்தன. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 1,605 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், சாதாரண குழாயில் 6 சதவீதமாக இருந்த தொற்று இதில் 2 சதவீதமாகக் குறைந்தது. வெள்ளி கலந்த குழாயால் பயனேதும் காணப்படவில்லை.

விசித்திரம் என்னவென்றால், இப்பொருளுக்கு ஆபத்து ஒருமுறை நீதிமன்றத்திலிருந்தும் வந்தது. மார்பகச் சிலிக்கோன் வழக்குகளில் சிக்கிய டவ் கோர்னிங் 1995 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. உடலில் பதிக்கும் கருவிகளுக்கு மூலப்பொருள் விற்கவே கம்பனிகள் அஞ்சின. மூலப்பொருள் வழங்குநரை இத்தகைய வழக்குகளிலிருந்து காக்க அமெரிக்கா 1998 இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.