சிவனொளிபாத மலையும் அதனைச் சூழ்ந்த நாடும்

ஈழத்திருநாட்டின் மலைகளுள் மிக உயர்ந்தது பீதுருதாலகாலை. அதன் உயரம் 8,281 அடி. சிவனொளிபாத மலையின் உயரமோ 7,359 அடியே. ஆயினும் பழைய நூல்களும், பிறநாட்டு யாத்திரிகரின் குறிப்புகளும் போற்றுவது பின்னதையே. காரணம் அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில், கோபுரத்தின் சிகரம் போலக் கூர்மையாக எழுந்து, அருகிலுள்ள குன்றுகளோடு கலவாது அது தனித்து நிற்கின்றது. வெகு தூரத்திலிருந்து நோக்குவோரும் அதனை அடையாளங் கண்டுகொள்வர்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு ஏறக்குறைய 20 மைல். வழிநெடுகத் தேயிலைத் தோட்டங்கள். அவற்றின் நடுவே லயங்கள். பாதையோரத்தில் மாரியம்மன் கோயில்கள். ஒரு பக்கம் மவுசாகலை நீர்த்தேக்கம். நல்லதண்ணி என்ற பெயரே அவ்விடத்தின் வளத்தைச் சொல்லும். அங்கிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். தேயிலை ஓய்ந்து காடு தொடங்குகின்றது. மேலே செல்லச் செல்ல மரங்கள் குறுகி, பாசி படர்ந்து, காற்றுக் கூர்மையடைகின்றது. வழியிலுள்ள சீதகங்குலை என்னும் குளிர்ந்த ஓடையில் அடியார் உடல் தூய்மை செய்துகொண்டு மேலேறுவர்.

மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையுள்ள காலமே யாத்திரைக் காலம். இரவில் ஏறுவோர் வைகறையில் உச்சியை அடைவர். கீழ்த்திசையிற் கதிரவன் எழ, மேல்திசையில் மலையின் நிழல் முக்கோண வடிவாகப் பனிமூட்டத்தின் மேல் விழுகின்றது. இதனைத் தெய்வ அற்புதமென்பர் பலர். நெடுந்தூரம் நீண்டு செல்லும் நிழலின் இரு விளிம்புகளும் தொலைவில் ஒன்றுசேர்வன போல நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன; புகையிரதத் தண்டவாளங்கள் தூரத்திற் கூடுவன போலத் தோன்றுவதும் இதனாலேயே. காரணம் அறிந்த பின்னரும் அக்காட்சியின் முன் கைகள் தாமே குவிகின்றன. அறிவும் பக்தியும் ஒன்றோடொன்று பகை கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

உச்சிப் பாறையில் ஆறடிக்குச் சற்றுக் குறைந்த நீளமுடைய பாதச் சுவடு ஒன்றுண்டு. அது சிவபெருமானின் திருவடி என்பது நம் நம்பிக்கை. பௌத்தர் அதனைப் புத்தபகவானின் ஸ்ரீ பாதம் என்பர். இஸ்லாமியர் ஆதிபிதா ஆதமின் அடிச்சுவடு என்பர். கிறித்தவருள் அதனைத் தோமையாரோடு தொடர்புபடுத்துவோரும் உளர். இவற்றுள் எது முந்தியது என்ற வாதம் இடையிடையே எழுவதுண்டு. அவ்வாதத்தில் இறங்குமுன், இம்மலையின் வரலாறு நமக்குக் கற்பிப்பது யாதென்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

தமிழிலக்கியத்தில் இம்மலையைப் புகழும் பழைய நூல்களுள் ஒன்று மணிமேகலை. இரத்தின தீவத்துச் சமந்தம் என்னும் மலையுச்சியை அது கூறுகின்றது. ஆனால் அக்காப்பியத்தில் அங்குள்ளது புத்தரின் திருவடியே. சீத்தலைச் சாத்தனார் தமிழர். அவர் பாடியது பௌத்த காவியம். ஆகவே இம்மலையில் பௌத்தம் ஓரினத்துக்கும் சைவம் மற்றோரினத்துக்கும் உரியவை எனப் பிரித்துப் பேசுவோர், நம் சொந்த இலக்கியத்தையே மறந்தவராவர்.

பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு (1055–1110), மலையேறுவோர் வழியிற் படும் துன்பத்தைக் கண்டு, அவர்களுக்கு உணவளிக்கும் பொருட்டு ஊர்களை மானியமாக விட்டான். அவற்றுள் இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலையும் ஒன்று. அம்பகமுவையிலுள்ள அவனது கல்வெட்டும் இவ்வறத்துக்குச் சான்றாக நிற்கின்றது.

1344ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா இங்கு வந்தார். அவரைப் புத்தளத்தில் வரவேற்றவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. வேண்டுவது யாதென அரசன் வினவ, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதே தமது விருப்பமென்றார் அவர். அரசன் பல்லக்கு ஒன்றைக் கொடுத்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய 4 யோகிகளையும், 3 பிராமணர்களையும், தன் பரிவாரத்தார் 10 பேரையும், உணவு சுமப்போர் 15 பேரையும் உடனனுப்பினான். இச்செய்தியை இபுன் பதூதாவே எழுதி வைத்துள்ளார். சைவ மன்னன் ஒருவன் தன் யோகிகளைத் துணையாக்கி, இஸ்லாமியப் பெரியார் ஒருவரை, பௌத்தர் போற்றும் மலைக்கு அனுப்பி வைத்தான்! தமிழ் மன்னரின் போர் வெற்றிகளைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், இந்த ஒரு செயலைச் சொல்லி அதனினும் மிகுதியாகப் பெருமை கொள்ளலாம்.

அடுத்து வருவது கசப்பான பகுதி. 1581 முதல் 1593 வரை ஆண்ட சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் சைவனானான். தந்தையைக் கொன்ற பழிக்குப் பிக்குகளிடம் கழுவாய் கிடையாமையால் அவன் மதம் மாறினான் என்றும், மலையையும் அதன் வருவாயையும் சைவ ஆண்டிகளுக்கு அளித்தான் என்றும் சூளவம்சம் கூறும். அந்நூலை எழுதியோர் பிக்குகள். ஆதலால் அதன் கடுஞ்சொற்களைச் சற்று நிதானித்தே கொள்ள வேண்டும். எனினும் மலை கைமாறியதை நாம் மறைத்தல் ஆகாது. 18ஆம் நூற்றாண்டில் அதனை மீண்டும் பிக்குகளிடம் ஒப்படைத்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782). அவனோ மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினன்!

சிங்கள மன்னன் சைவருக்குக் கொடுத்தான். தென்னிந்திய வழிவந்த மன்னன் பௌத்தருக்குத் திருப்பியளித்தான். இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அரசாணையாற் பெற்றது அரசாணையாலேயே போயிற்று. ஆனால் இபுன் பதூதா கண்ட யோகிகளைப் போல ஆண்டுதோறும் நடந்து சென்ற அடியாரின் உரிமையை எவரும் கொடுக்கவுமில்லை. எவராலும் எடுக்கவும் முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டில் மலையின் அடிவாரமே மாறியது. ஆங்கிலேயர் காடழித்துக் கோப்பி நட்டனர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் உழைப்பாளரின் வியர்வை இத்தோட்டங்களில் மட்டுமன்றி, யாத்திரிகர் வரும் பாதைகளிலும் கலந்துள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்குறை முற்றாகத் தீரவில்லை. மலைப்படிகளிலோ எவரிடமும் பிரசாவுரிமைப் பத்திரம் கேட்கப்படுவதில்லை.

இங்கு ஊற்றெடுக்கும் களனி கங்கை கொழும்பு மக்களுக்குக் குடிநீர் தருகின்றது. அதன் கிளையாறுகள் இலக்சபானையில் 1950 முதல் மின்சாரமும் தருகின்றன. அதற்கான விலையையும் அடிவாரத்து மக்களே கொடுத்தனர். 1969இல் மவுசாகலை அணை முற்றுப்பெற்றபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்பொழுது அங்கிருந்த கோயிலும், விகாரையும், பள்ளிவாசலும் வெளியே தலைகாட்டுகின்றன. மேலே ஒரே பாதத்தை வணங்கும் சமயங்கள், கீழே ஒரே நீருக்கு இடங்கொடுத்தன.

2010இல் இம்மலைக்காடு உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. காப்பது உலகத்தின் கடன் என்று நாம் வாளாவிருத்தல் தகாது. யாத்திரைக் காலம் முடிந்தபின் ஓடையோரங்களிற் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்கள் எந்தச் சமயத்தாருடையவை என்று பிரித்தறிய முடியாது. அவை நம் எல்லோருடையவையுமே.

வாலிப அன்பர்களே, மலை யாருடையது என்று வாதிட எவராலும் இயலும். அதற்குப் படியேற வேண்டியதில்லை. இவ்வாண்டு யாத்திரைக் காலத்தில் நாம் ஒன்றாகப் புறப்படுவோம். நம் அரோகரா ஒலியும் சிங்கள அடியாரின் கவிகளும் இருளில் ஒன்றாக ஒலிக்கட்டும். வழியில் தளர்ந்திருக்கும் முதியவர் எச்சமயத்தவராயினும் கைகொடுப்போம். கொண்டுசென்ற பொருள்களின் கழிவைத் திரும்பக் கொண்டுவருவோம். அன்று ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்குக் கொடுத்தான், நமக்குப் பல்லக்கில்லை. தோள் உண்டு, அதுவே போதும்.