உருகும் கம்பியும் பேட்டரி வரிசைகளும்

தாங்கக்கூடிய அளவை மீறி மின்னோட்டம் பாயும்போது தானே உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய உலோகத் துண்டே மின்னுருகி, அதாவது ஃபியூஸ். மின்விளக்கு பரவுவதற்கு வெகுகாலம் முன்பே, தந்தி நிலையங்களின் தேவையை ஒட்டி அது பிறந்தது. நெடுந்தொலைவு ஓடிய தந்திக் கம்பிகளில் மின்னல் இறங்கினால் கருவிகள் கருகின. ஆகவே நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் சற்று மெல்லிய கம்பியை வைத்தால் அது முதலில் உருகிக் கருவியைக் காக்கும் என்று பிரெஞ்சுக் கருவியாளர் லூயி பிரெகே 1847இல் பரிந்துரைத்தார். தந்திக்கு மின்சாரம் தந்த பேட்டரியை அன்று எவரும் ஆபத்தின் ஊற்றாகக் கருதவில்லை. கேடு வானத்திலிருந்து வந்தது.

எடிசன் காலத்தில் அச்சம் இடம் மாறியது. வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும் என்ற கவலையைப் போக்க, விளக்குச் சுற்றுகளுக்கான பாதுகாப்புக் கம்பி ஒன்றுக்கு அவர் 1880இல் காப்புரிமை பெற்றார். 1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெரு நிலையம் இயங்கத் தொடங்கியபோது ஃபியூஸ் நகர மின்வழங்கலின் உறுப்பாகிவிட்டது. அந்த நிலையம் வழங்கியது நேர்மின்னோட்டம், அதாவது ஒரே திசையில் இடைவிடாது பாயும் மின்சாரம். மாறுதிசை மின்னோட்டம் நொடிக்குப் பலமுறை சுழி அளவைத் தொட்டுத் திரும்புவதால், துண்டிப்பின்போது எழும் மின்வில், அதாவது உலோக முனைகளுக்கிடையே காற்றைப் பிளந்து எரியும் மின்பொறி, தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்னோட்டத்தில் அந்த வாய்ப்பு இல்லாமையால், ஃபியூஸ் உருகிய பின்னும் வில் வழியாக மின்சாரம் தொடரக்கூடும். இதற்கான தீர்வைத் தேடிய டபிள்யூ. எம். மோர்டே, கண்ணாடிக் குழாய்க்குள் உலோகத் தகட்டை வைத்துச் சுற்றிலும் தூளை நிரப்பும் முறைக்கு 1890இல் காப்புரிமை பெற்றார். தூள் வெப்பத்தை உறிஞ்சி வில்லை மூச்சடைக்கச் செய்கிறது. இன்றைய மணல் நிரப்பிய ஃபியூஸ்கள் அனைத்தும் இந்த வழியில் வந்தவையே.

இத்தனையிலும் ஃபியூஸ் நின்றது மின்சாரத்தின் மூலத்துக்கும் அதைப் பயன்படுத்தும் சுமைக்கும் நடுவில்தான். பிரெஞ்சு இயற்பியலாளர் பிளாந்தே 1859இல் உருவாக்கிய ஈய-அமில மின்கலம் அமெரிக்கப் பண்ணைகளை எட்டியபோதும் இந்த ஏற்பாடு மாறத் தேவைப்படவில்லை. 1916இல் சந்தைக்கு வந்த டெல்கோ-லைட் சாதனம், பதினாறு மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோத்து 32 வோல்ட் வழங்கியது. வரிசை ஒன்றே ஒன்று. ஆகவே ஒரு வரிசை இன்னொன்றைத் தாக்கும் பேச்சுக்கே இடமில்லை.

சூரிய மின்சாரம்தான் வரிசைகளைப் பெருக்கியது. பெல் ஆய்வகம் 1954இல் அறிவித்த சிலிக்கான் சூரியக்கலம், மறு ஆண்டே ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் ஊரில் தொலைபேசித் தடத்தில் சோதிக்கப்பட்டாலும், வீடுகளுக்கு அது வந்தது 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே. மின்கம்பம் எட்டாத வடகலிபோர்னிய மலைப்பகுதிகளில் குடியேறியவர்கள், 1978இல் வில்லிட்ஸில் தொடங்கிய ரியல் குட்ஸ் போன்ற கடைகளில் சூரியப் பலகைகளை வாங்கினர். சேமிப்புக்கு அவர்களுக்கு மலிவாகக் கிடைத்தவை கோல்ஃப் மைதான வண்டிகளுக்கான 6 வோல்ட் பேட்டரிகள். நான்கைத் தொடராகக் கோத்தால் 24 வோல்ட். போதாவிட்டால் இன்னொரு நான்கை அதன் அருகே பக்க இணைப்பில், அதாவது நேர்முனையோடு நேர்முனையும் எதிர்முனையோடு எதிர்முனையும் சேருமாறு, பூட்டினர். கைக்குக் காசு வந்தபோதெல்லாம் ஒரு வரிசை கூடியது.

இந்த வளர்ச்சிதான் பழைய ஏற்பாட்டின் குறையை வெளிக்காட்டியது. நான்கு வரிசைகளுக்கும் பொதுவாக வெளியே ஒரே ஃபியூஸ் இருக்கிறது என்றும், ஒரு வரிசையின் கம்பி உறை தேய்ந்து குறுக்குச்சுற்று நேர்கிறது என்றும் கொண்டால், மற்ற மூன்று வரிசைகளின் மின்சாரமும் அதற்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் வரிசைகளுக்குள்ளேயே சுற்றுவதால் வெளியேயுள்ள ஃபியூஸ் அதை அறிவதே இல்லை. 5 மில்லியோம் அகத்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே உள்ள மின்தடை, உடைய 12 வோல்ட் பேட்டரி ஒன்றே குறுக்குச்சுற்றில் கணக்கின்படி 2,400 ஆம்பியர் தரவல்லது. ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஃபியூஸ் இருந்தால், பழுதான வரிசையின் ஃபியூஸ் மூன்று வரிசைகளின் கூட்டு மின்னோட்டத்தைச் சுமக்க, மற்றவை தத்தம் பங்கை மட்டுமே சுமக்கின்றன; ஆதலால் அறுக்க வேண்டியதே முதலில் அறுகிறது. வரிசைகள் இரண்டே என்றால் இரு ஃபியூஸ்களிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால் எது முந்தும் என்று சொல்ல இயலாது. ஒற்றை மின்கலம் மட்டும் செத்து வரிசையின் அழுத்தம் இரண்டு வோல்ட் குறையும் மெதுவான பழுதை ஃபியூஸ் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பல வரிசைகளைத் தவிர்த்துப் பெரிய மின்கலங்களால் ஒரே வரிசை அமைக்கச் சொன்ன பழைய தொழிலாளர்களின் அறிவுரைக்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பு, சூரிய மின்னமைப்புகளுக்கென 690ஆம் பிரிவை 1984 பதிப்பில்தான் சேர்த்தது. விதி எழுதப்பட்டாலும் மலையில் வாழ்ந்தவர்களை அது எட்ட இடையாள் தேவைப்பட்டார். ரிச்சர்ட் பெரெஸ் ஆரிகனிலிருந்து 1987 முதல் நடத்திய ‘ஹோம் பவர்’ இதழில், நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வைல்ஸ் விதிகளை விளக்கித் தொடர் எழுதினார். மாறுதிசை மின்னோட்டத்துக்கென்றே செய்த ஃபியூஸ் பேட்டரியின் முன் வெடிக்கவும் கூடும் என்பது மெல்ல உணரப்பட்டது. ஃபியூஸ் தாங்கும் வழக்கமான மின்னோட்டத்தோடு, அது பாதுகாப்பாக அறுக்கக்கூடிய உச்ச மின்னோட்டத்தையும் பார்த்து வாங்கும் வழக்கம் வேரூன்றியது. நேர்மின்னோட்டத்தில் 20,000 ஆம்பியர் வரை அறுக்கும் ‘டி’ வகை ஃபியூஸ் பேட்டரி அறைகளில் இடம்பிடித்தது இவ்வாறுதான்.

லித்தியம் வந்தபின் அகத்தடை மேலும் சுருங்கியது. 2008இல் வெளிவந்த டெஸ்லா ரோட்ஸ்டர் காரில் 6,831 சிறு மின்கலங்கள், 69 வீதம் பக்க இணைப்பில் இருந்தன. ஒவ்வொரு கலத்துக்கும் தனித்தனி உருகி வைக்கப்பட்டது. இன்றைய வீட்டு லித்தியம் பெட்டிகளில் மின்னணுச் சுவிட்சுகள் மின்னோட்டத்தைக் கண்காணித்துத் துண்டிக்கின்றன. ஆயினும் அந்தச் சுவிட்சுகளின் குறைக்கடத்திகள் பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே, அதாவது மின்சாரத்தைத் தடையின்றி விடும் நிலையிலேயே, நின்றுவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு பெட்டியின் நேர்முனையிலும் மணல் நிரப்பிய ஃபியூஸ் ஒன்றைக் கூடுதலாக வைக்கின்றனர்.