அறிதல் உளவியல்

புலன்வழி வரும் செய்தியை மனம் எப்படி வாங்கிக்கொள்கிறது, சேமிக்கிறது, மீட்டெடுக்கிறது என்பதை ஆராயும் உளவியல் பிரிவு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் கோலோச்சிய நடத்தையியல், மனத்துக்குள் நடப்பதை அறிவியலுக்கு வெளியே தள்ளியது. செய்தியை வாங்கி, சேமித்து, மீட்டெடுக்கும் இயந்திரமான கணினியின் வருகை அந்தத் தடையைத் தளர்த்தியது. 1956 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த கருத்தரங்கில் ஜார்ஜ் மில்லர், நோம் சோம்ஸ்கி, ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் கட்டுரை படித்தனர். துறையின் பிறப்பை அந்தக் கருத்தரங்கிலிருந்தே கணக்கிடுவோர் உண்டு. பெயரை நிலைநாட்டியது 1967இல் வெளியான உல்ரிக் நைசரின் நூல்.

மனத்தை நேரில் பார்க்க வழியில்லை. ஆகவே நேரத்தை அளக்கிறார்கள். சிக்கலான வேலைக்கு ஆகும் நேரத்திலிருந்து எளிய வேலையின் நேரத்தைக் கழிக்கும் உத்தியை டச்சு உடலியலாளர் டாண்டர்ஸ் 1868இலேயே கையாண்டார். ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் வெளியிட்ட சோதனை இவ்வகையில் மிக அழகானது. கனசதுரங்களை ஒட்டிச் செய்தது போன்ற இரு உருவங்களின் படங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றா, வேறா என்று கேட்டார்கள். ஒரே உருவமாக இருந்தபோது, இரண்டுக்கும் இடையிலான கோணம் கூடக்கூட, விடை சொல்லும் நேரமும் சீராகக் கூடியது. பங்கேற்றவர்கள் உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்த்தார்கள், நொடிக்குச் சுமார் 60 பாகை வேகத்தில். விழியசைவுப் பதிவு, மூளைக் காயமுற்றோர் பற்றிய ஆய்வு, மூளைப் படமெடுப்பு ஆகியவையும் இன்று கைகொடுக்கின்றன.