வெனிஸ் பக்கத்தில் இருந்தும் லிஸ்பன் போனவர்

ஏலாக்குறிச்சி என்றதும் அரியலூர்க்காரர்களுக்கு அடைக்கல மாதா கோயிலும் வீரமாமுனிவரும்தான் நினைவுக்கு வரும். தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. ஆனால் அந்த இத்தாலிக்காரர் கொள்ளிடக்கரைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்? இந்தக் கேள்விக்குள் ஒரு வணிக வரலாறே இருக்கிறது!

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680-ல் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். அங்கிருந்து கிழக்கே போனால் வெனிஸ், தென்மேற்கே போனால் ஜெனோவா. இரண்டுமே பேர்போன துறைமுக நகரங்கள். ஆனாலும் அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது போர்த்துக்கல்லின் லிஸ்பனில். எதற்காக இந்தச் சுற்று?

முதல் காரணம் மிளகு. ஒரு காலத்தில் மலபார் மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், வெனிஸ் வணிகர்கள் கைக்கு மாறி, ஐரோப்பா முழுக்க விற்பனையானது. வழியில் ஒவ்வொருவரும் லாபமும் வரியும் எடுத்தார்கள். 1498-ல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கினார். அதன்பின் நேரடிக் கடல்வழி போர்த்துகீசியர் வசமானது. பிறகு டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அதே வழியில் வர, வெனிஸின் பழைய செல்வாக்கு மெல்ல மெல்லக் குறைந்தது.

இரண்டாவது காரணம் மதம். கீழைநாடுகளில் மறைப்பணியை ஆதரித்து நடத்தும் உரிமையைப் போப்பாண்டவர்கள் போர்த்துக்கல் மன்னருக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் மதுரை மிஷனுக்கு வந்த சேசு சபைத் துறவிகள், எந்த நாட்டவராக இருந்தாலும், லிஸ்பன் போய்த்தான் கப்பல் ஏறினார்கள்.

சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தானே! அதுவரை நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் வரவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடிக்க வசந்த காலத்தில் லிஸ்பனை விட்டுக் கிளம்புவார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தாலே கோவா வந்து சேர ஆறு மாதம் ஆகிவிடும். வழியில் நோயில் இறந்தவர்கள் ஏராளம். பெஸ்கி 1710-ல் கோவா சேர்ந்தார். பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து தைரியநாதர் ஆனார், வீரமாமுனிவர் ஆனார்.

ஏலாக்குறிச்சிக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். அதன் மேல் ஒரு கலம்பகமே பாடினார். அரியலூர் மழவராயர் ஒருவர் தன் ராஜபிளவை குணமான நன்றியில் இந்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

இன்று அங்கே போவது சுலபம். அரியலூர் - தஞ்சாவூர் சாலையில் திருமானூர் வரை போய்த் திரும்பினால் போதும். அடுத்த முறை அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போது மிளகையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வியாபாரம் வழி மாறாமல் இருந்திருந்தால், பெஸ்கி லிஸ்பன் பக்கமே போயிருக்க மாட்டார்.