மெட்டல் டிடெக்டருக்கு எந்தக் காயில்? கமுந்திங் மண்ணுக்கு ஒரு வழிகாட்டி

மெட்டல் டிடெக்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதைவிடப் பெரிய காயில் போட்டால் இன்னும் ஆழத்தில் கிடப்பது தெரியுமா?" கமுந்திங், தைப்பிங் வட்டார மண்ணைப் பொறுத்தவரை பெரும்பாலான இடங்களில் இதற்குப் பதில், "தெரியாது" என்பதுதான். பெரிய காயிலுக்குச் சில நூறு ரிங்கிட் செலவழிக்கும் முன் நம் மண் எப்படிப்பட்டது, நாம் தேடப்போவது என்ன என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

காயில் செய்யும் வேலை

கருவியின் அடியில் தட்டுபோல் இருப்பதுதான் காயில். அதற்குள் செப்புக் கம்பிச் சுருள்கள் இரண்டு இருக்கும். ஒன்று மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்பும். அந்தப் புலம் உலோகத்தைத் தொட்டால் உலோகத்தில் சிறு மின்னோட்டம் சுழலும். அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இரண்டாவது சுருள் பிடிக்கும். கைப்பிடியில் உள்ள பெட்டி, காயில் கொண்டுவரும் செய்தியைப் பிரித்துச் சொல்வதோடு சரி. காயில் பிடிக்காததைப் பெட்டியால் காட்ட முடியாது.

இந்த முறைக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய துப்பாக்கிக் குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படியொரு கருவியைச் செய்தார். குண்டு கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பழைய லயங்கள் இருந்த இடத்தில் டிடெக்டர் பிடிப்பவருக்கும் இதே தொல்லைதான். தேடும் பொருளைச் சுற்றி வேண்டாத இரும்பு நிறையக் கிடக்கும்.

நம் மண்ணில் என்ன இருக்கிறது?

கமுந்திங்கின் பழைய பெயர் கிளியான் பாரு. கிளியான் என்றால் சுரங்கம். லாருட் ஈயத்துக்காக 1861 முதல் இங்கே நடந்த சண்டைகள் 1874 பங்கோர் ஒப்பந்தத்தோடு ஓய்ந்தன. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லத்தான் மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட், அதாவது இன்றைய கோலா செபெத்தாங் வரை போடப்பட்டது. பிறகு ரப்பர் தோட்டங்கள் வந்தன. இந்த வரலாறு முழுவதும் மண்ணில் பதிந்திருக்கிறது. தேடுபவர் கணக்கில் நம் வட்டார மண் மூன்று வகை.

முதலாவது, ஈயக்குட்டைகளைச் சுற்றியுள்ள சுரங்க மணல். வெள்ளை மணல் காயிலுக்குத் தொந்தரவு தராது. ஆனால் ஈயம் கழுவியபோது ஒதுக்கிய 'அமாங்' என்னும் கறுப்பு மணல் அங்கங்கே திட்டாகப் படிந்திருக்கும். அதிலுள்ள இல்மனைட் போன்ற இரும்புக் கனிமங்கள் காயிலைக் கத்த வைக்கும். ஈயக் கல்லையே டிடெக்டரால் தேடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது. ஈயக் கல் என்பது மின்சாரம் கடத்தாத ஆக்சைடு. உருக்கிய ஈயக் கட்டியை மட்டுமே கருவி காட்டும்.

இரண்டாவது, தோட்டப்புறச் செம்மண். அதன் சிவப்பே இரும்புச் சத்தால் வந்தது. சரளைக் கற்கள் கலந்த செம்மண்ணில் கருவியின் ஆழம் கணிசமாகக் குறையும்.

மூன்றாவது, லயங்கள் இடிக்கப்பட்ட இடங்கள். கூரைத் தகரத்தின் துண்டுகள், ஆணிகள், மங்கைத் தாங்கிய கம்பிகள், பால் வழிந்த தகரத் துண்டுகள், பால்டின் மூடிகள் என்று அடிக்கொரு இரும்பு கிடக்கும். நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் இது. பழைய காசோ பாட்டியின் மூக்குத்தியோ கிடைக்கும் வாய்ப்பும் இங்கேதான். அதேபோல், தவறான காயில் போட்டால் ஒன்றுமே கிடைக்காத இடமும் இதுதான்.

வடிவம்: கான்சென்ட்ரிக்கா, டபுள் டியா?

கான்சென்ட்ரிக் காயிலில் ஒரு வட்டச் சுருளுக்குள் இன்னொரு வட்டச் சுருள் இருக்கும். அதன் புலம் மண்ணுக்குள் கிண்ணம்போல் இறங்கி அடியில் குறுகும். பொருள் கிடக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். கனிமம் குறைந்த மண்ணில் இரும்பையும் மற்ற உலோகத்தையும் நன்றாகப் பிரிக்கும். செம்மண்ணிலும் அமாங்கிலும் தடுமாறும்.

டபுள் டி காயிலில் ஆங்கில எழுத்து 'டி' வடிவில் இரண்டு சுருள்கள் முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். முன்னிருந்து பின்வரை கத்திபோல் ஒல்லியான பட்டையாகத் தேடும். ஒரே நேரத்தில் அது பார்க்கும் மண் குறைவு என்பதால் கனிமத் தொல்லையும் குறைவு. நம் வட்டாரத்துக்கு இதுவே பொருத்தம். துல்லியமாக இடம் குறிப்பது கொஞ்சம் பழகினால்தான் வரும்.

இரண்டும் இன்றைய கருவிகளில் இருக்கின்றன. கேரட் நிறுவனத்தின் ஏஸ் 300 கருவியோடு வருவது 7×10 அங்குலக் கான்சென்ட்ரிக். ஏஸ் 400 கருவியோடு வருவது 8.5×11 அங்குல டபுள் டி. கடையில் விலையை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டையும் கேளுங்கள்.

மோனோ என்னும் ஒற்றைச் சுருள் காயில், பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவிகளுக்கு உரியது. ஆழம் போகும், ஆனால் அந்தக் கருவிகள் ஆணியையும் காசையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது. லயம் இருந்த இடத்தில் நாள் முழுக்க ஆணி தோண்ட நேரிடும்.

அளவு: எந்த வேலைக்கு எது?

5 முதல் 6 அங்குலம்: இரும்புக் குப்பை நிறைந்த இடத்துக்கு. இரண்டு ஆணிகளுக்கு நடுவில் கிடக்கும் காசைத் தனியாகக் காட்டும் திறமை சின்னக் காயிலுக்குத்தான் உண்டு. பெரிய காயிலின் அடியில் ஒரே நேரத்தில் நான்கைந்து பொருள்கள் வந்துவிடும். ஆணியின் சத்தம் காசின் சத்தத்தை விழுங்கிவிடும்.

9 முதல் 11 அங்குலம்: பொதுவான வேலைக்கு. பெரும்பாலான கருவிகளோடு வருவது இந்த அளவுதான். திடல், வீட்டு முற்றம், செம்பனைக்கு நடுவே உள்ள பாதை எல்லாவற்றுக்கும் போதும்.

13 முதல் 15 அங்குலம்: குப்பையும் கனிமமும் குறைந்த, பரந்த இடத்துக்கு மட்டும். கனமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் தோள் வலிக்கும்.

சாதகமான மண்ணில் ஒரு காசு, காயிலின் விட்டம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு ஆழம் வரை தெரியும் என்பது பழகியவர்களின் கைக்கணக்கு. அதற்கும் கீழே போனால் சமிக்ஞை மிக வேகமாக விழும். காயிலின் அளவைவிட ஆழம் மிகும்போது, ஆழம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சமிக்ஞை ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகிவிடும். பெரிய காயில் அதிக மண்ணைப் பார்க்கும், கூடவே அதிகக் கனிமத்தையும் பார்க்கும். செம்மண்ணில் காயில் பெரிதாவதால் கிடைக்கும் ஆழத்தை அந்தக் கனிமமே தின்றுவிடும்.

சின்னக் காயிலின் குறை நேரம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் உள்ள திடலை, ஒரு மீட்டர் அகலத்துக்கு வீசி, பாதி மேற்படிய 6 அங்குலக் காயிலால் தேடினால் ஏறக்குறைய 1,300 வீச்சு வேண்டும். 11 அங்குலத்துக்கு 700 வீச்சு போதும். ஆகவே பெரிய இடத்தை நடுத்தரக் காயிலால் அலசிவிட்டு, சத்தம் குழம்பும் மூலைகளில் சின்னதைப் போடுவதே நல்ல முறை.

நகை தொலைந்தால்

திருவிழா முடிந்த திடலில், பிள்ளைகள் விளையாடிய புல்தரையில், குப்பை எரித்த இடத்தில் தாலியோ மோதிரமோ விழுந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் தேடி வரலாம். டிடெக்டர் வைத்திருப்பவர் பிறருக்கு உண்மையாகவே பயன்படும் நேரம் இதுதான். இதில் காயில் தேர்வு முக்கியம்.

மோதிரம் மூடிய வளையம் என்பதால் எளிதில் தெரியும். மெல்லிய சங்கிலி அப்படியல்ல. அதன் ஒவ்வொரு கண்ணியையும் கருவி தனித்தனிச் சின்ன வளையமாகவே பார்க்கும். 916 தங்கமாகவே இருந்தாலும் சத்தம் மெலிதாக வரும். கொக்கியோ தாலிப் பொட்டோதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இதற்கு 5 அல்லது 6 அங்குலக் காயிலும், அலைவரிசை உயர்ந்த அல்லது பல அலைவரிசைக் கருவியும் வேண்டும்.

இன்னொன்று. சிகரெட் பெட்டித் தாள், பானக் குவளையின் இழுப்பு மூடி ஆகிய அலுமினியக் குப்பைகள் தரும் எண்ணும் தங்க நகை தரும் எண்ணும் ஒரே வட்டத்துக்குள் வரும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை அடைத்துவிட்டால் நகையும் போய்விடும். நகை தேடும்போது இரும்பை மட்டும் ஒதுக்குங்கள். நகை விழுந்து சில நாள்தான் ஆகியிருந்தால் அது மேல்மண்ணில்தான் இருக்கும். ஆழம் தேவையில்லை, பொறுமைதான் தேவை.

மழை, மின்கம்பி, கடல்

தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் ஊர். பல கருவிகளில் காயில் மட்டுமே நீர் புகாதது, பெட்டி அப்படியல்ல. மழையில் பெட்டிக்கு உறை போடுங்கள். காயிலின் அடிமூடிக்குள் சேறு சேர்ந்தால் பொய்ச் சத்தம் வரும். கழற்றிக் கழுவுங்கள். காயில் கம்பியைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றுங்கள். தொங்கி ஆடினாலும் பொய்ச் சத்தம்தான்.

மின்சார ரயில் பாதை, உயர் அழுத்தக் கம்பி, தொழிற்பேட்டை ஆகியவற்றின் அருகில் கருவி காரணமின்றிக் கத்தும். சின்னக் காயில் இந்தத் தொல்லையையும் குறைவாகவே வாங்கும். தெலுக் பாத்திக், பங்கோர் கடற்கரைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ஈர உப்பு மணல் மின்சாரம் கடத்தும் என்பது. ஒற்றை அலைவரிசைக் கருவி அங்கே எந்தக் காயில் போட்டாலும் தடுமாறும்.

வாங்கும் முன்

ஒரு நிறுவனத்தின் காயில் இன்னொரு நிறுவனக் கருவிக்குச் சேராது. ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் மாறும். கருவியின் மாடல் பெயரைச் சொல்லி உறுதி செய்யுங்கள். பழைய காயில் வாங்கினால் கருவியில் மாட்டி, விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டும்போதெல்லாம் கத்தினால் உள்ளே கம்பி ஆடுகிறது என்று பொருள். ஒரு காசையும் ஆணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

காயிலே இல்லாமல், கையில் பிடித்தால் நூறு மீட்டர் தூரத்துத் தங்கத்தை 'ஆன்டெனா' காட்டும் என்று சொல்லும் கருவிகளை நம்பாதீர்கள். கோல்ஃப் பந்து தேடும் பொம்மை போன்ற ஒன்றை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று பல நாடுகளுக்கு விற்ற பிரிட்டன்காரருக்கு 2013இல் பத்தாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

எங்கே தேடக்கூடாது?

லயம் இடிந்தாலும் நிலம் தோட்ட நிர்வாகத்துக்கோ புதிய உரிமையாளருக்கோ சொந்தம். நாம் பிறந்து வளர்ந்த இடமானாலும் அனுமதி கேட்டே நுழைய வேண்டும். ஆலய வளாகத்தில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ரயில் பாதை, சிறை வளாகம், தைப்பிங் போர்க் கல்லறை ஆகியவற்றின் பக்கமே போகவேண்டாம்.

தொல்பொருள் தேடித் தோண்ட, 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி உரிமம் தேவை. தற்செயலாகப் பழம்பொருளோ புதையலோ கிடைத்தால் மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கமுந்திங் மக்களுக்கு அது லாருட், மாத்தாங், செலாமா மாவட்ட அலுவலகம்.

ஜப்பான்காரன் காலமும் அவசரகாலமும் இந்த மண்ணில் வெடிபொருள்களை விட்டுச்சென்றிருக்கலாம். குண்டுபோல் உருண்டு நீண்ட இரும்பு தட்டுப்பட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தொடாமல் விலகி, 999க்கு அழையுங்கள்.

சுருக்கமாக

கருவியோடு வரும் 9 முதல் 11 அங்குல டபுள் டி காயில் முதலில் போதும். ஓராண்டு பழகியபின் இரண்டாவது காயில் வாங்குவதானால் பெரியதை வாங்காமல், 6 அங்குல டபுள் டியை வாங்குங்கள். லயத்து மண்ணில் காசு கிடைப்பதும், அடுத்த வீட்டு அக்காவின் தாலி திரும்பக் கிடைப்பதும் பெரும்பாலும் அந்தச் சின்னக் காயிலால்தான்.