தேய்த்ததால் தேயிலையா?

‘இலையைத் தேய்த்துச் செய்வதால் தேயிலை’ என்போர் பெருகிவிட்டனர். முன்பு அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். அண்மையில் ஒருவர் இன்னும் ஒரு படி ஏறி, சீனத்து ஊலாங் தேயிலையைச் சான்றுக்கு இழுத்திருக்கிறார். ஊலாங் இலையின் ஓரம் உரசித் தேய்ந்தால்தான் மணம் பிறக்கும். ஆகவே தேயிலை என்பது வினைத்தொகை. சீனர் சொல்லும் ‘தே’யும் நம் ‘தேய்’ என்பதன் சிதைவே என்பது அவர் கட்டிய கோட்டை. செய்முறை பற்றி அவர் சொன்னது சரி. சொல்லைப் பற்றிச் சொன்னதுதான் பிழை.

தேய் + இலை தேயிலை ஆகும் என்பதை யாரும் மறுக்கவில்லை. புணர்ச்சி பொருந்துவதாலேயே வேர் அதுவாகிவிடாது. தே + இலை என்று பிரித்தால் தேவிலை என்றல்லவா ஆகும் என்று கேட்கிறார்கள். ஏகாரத்தின் முன் யகரம், வகரம் இரண்டும் உடம்படுமெய்யாக வரும் என்பது நன்னூல் படித்த பிள்ளைக்கும் தெரியும். ஈழத்தார் தேத்தண்ணி என்கிறார்கள். அங்கே தகரம் மிக்கிருப்பதைப் பாருங்கள். தேய் என்னும் வினை நின்றிருந்தால் வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தெலுங்கில் தேயாகு, ஆகு அவர்களுக்கு இலை. சிங்களத்தில் பானம் வெறும் தே, இலை தேகொள. மலாயிலும் தே. இலை கழன்ற பின்னும் தே நிற்கிறது என்றால் அது தனிச்சொல்.

அந்தத் தனிச்சொல்லின் ஊர் ஃபுஜியென் மாகாணத்தின் தென்கரை. சீனத்தின் பெரும்பகுதி ‘ச்சா’ என்று சொல்ல, அக்கரையோர மின் மொழி மட்டும் ‘தே’ என்கிறது. எழுத்து ஒன்றுதான், ஒலிதான் இரண்டு. இதைச் சிதைவு என்று சொல்வோர் சியென் தாஷினைப் படிக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுச் சீன அறிஞரான அவர், இந்த வகை ஒலிகள் பண்டைக்காலத்தில் தகர ஒலிகளாகவே இருந்தன என்று நிறுவினார். மற்றப் பகுதிகள் மாறிவிட்டன, மின் மொழி மாறவில்லை. சிங்கப்பூரில் வாழும் நம்மவருக்கு விளக்கவே வேண்டாம். அங்கே மின் மொழி பேசும் ஹொக்கியன் குடும்பத்தார் ‘தான்’ என்று எழுதும் குடிப்பெயரைத்தான் வடவர் ‘ச்சென்’ என்கிறார்கள். ஆகவே மூத்தது ‘தே’யின் தகரமே.

அது நம்மிடம் எவர் வாய்வழி வந்தது? ஆங்கிலேயர் என்பது பொதுக் கருத்து. நான் ஏற்கவில்லை. ஆங்கிலேயர் கொடுத்தது டீ. ஜாவாவில் ஹொக்கியன் வணிகரோடு பழகிய ஒல்லாந்தர் சொன்னதுதான் ‘தே’. அவர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தில் இருந்தார்கள்; இலங்கையில் 1796 வரை. அவர்களுடைய ‘கன்தோர்’ என்னும் அலுவலகச் சொல் யாழ்ப்பாணத்தில் ‘கந்தோர்’ ஆனது. அங்கும் தகரம்தான், டகரம் இல்லை. எனக்கு இந்த ஒரு சொல்லே போதும்.

இனி ‘தேய்’ என்றவர் இழுத்துவந்த சான்றுக்கு வருவோம். ஊலாங் பிறந்ததும் அதே ஃபுஜியெனில்தான். ஆனால் கரையில் அல்ல, வடக்கே வூயி மலையில். அங்குள்ள பாறைத்தேயிலைக்குக் கொழுந்து எடுப்பதில்லை; மொட்டு விரிந்து இலை முற்றும்வரை காத்திருப்பார்கள். பறித்ததை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டுகளில் இட்டுக் குலுக்குவார்கள், ஆறவிடுவார்கள், மறுபடி குலுக்குவார்கள். ஓரங்கள் உரசிச் சிவக்கும், நடு பச்சையாகவே இருக்கும். சட்டியில் வறுத்து அந்த மாற்றத்தை நிறுத்தி, முறுக்கி, பிறகு கரி நெருப்பில் வாட்டுவார்கள். வாங் த்ஸாவ்தாங் இதை விரித்து எழுதியதை லு திங்த்ஸான் 1734-இல் தம் நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். எட்டாம் நூற்றாண்டில் லு யூ என்பவர் ‘ச்சா ஜிங்’ என்னும் தேயிலை நூலை எழுதியபோது இலையை ஆவியில் அவித்து இடித்து வில்லையாக்கினார்கள். ஓரம் உரசும் வேலை அந்நூலில் இல்லை. சொல்லோ அப்போதே இருக்கிறது. குலுக்கும் வேலைக்குச் சீனர் இட்ட பெயரும் ‘யாவ் சிங்’, பச்சையைக் குலுக்குதல். அதில் தே எங்கே?

அந்தக் கரி நெருப்பைப் பற்றி ஒரு சொல். எரியும் தணலில் இலையை வாட்டுவதில்லை. கரியின் மேல் சாம்பலைப் பரப்பி, நீறு பூத்த நெருப்பாக்கி, அதன்மேல் மூங்கில் கூடையில் மணிக்கணக்கில் வைப்பார்கள். சில வாரமோ மாதமோ கழித்து மீண்டும் வாட்டுவதுண்டு. புதிதாய் வறுத்தது புகைநெடி அடிக்கும். ‘நெருப்பு இறங்கட்டும்’ என்று மாதக்கணக்கில் விட்டுவைத்துத்தான் குடிப்பார்கள்.

காய்ச்சும் முறையும் சொல்லாராய்ச்சிக்கு வேண்டியதே. கைவான் என்னும் மூடிக்கிண்ணத்தில் நூறு மில்லி நீருக்கு ஏழெட்டு கிராம் இலை. இது அதிகம் என்று தோன்றும்; குறைக்காதீர்கள். வெந்நீரால் கிண்ணத்தைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, உலர்ந்த இலையைப் போட்டு மூடிக் குலுக்கி, மூடியை முகர வேண்டும். தீய்ந்த வெல்லமும் வறுத்த கொட்டையும் மணக்கும். நீர் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், ஆறியது ஆகாது. முதல் ஊற்றைப் பத்து நொடிக்குள் வடித்துவிட வேண்டும். அதில் நெருப்பே மிகுந்திருக்கும். இரண்டாவது, மூன்றாவது ஊற்றில்தான் இலை பேசும்: ரோகுயி வகையானால் பட்டையின் காரம், ஷுயிஷியன் ஆனால் ஈர மரத்தின் வாசம். விழுங்கிய பின் தொண்டையில் மெல்ல இனிப்பு ஊறும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவருக்கு அது புதிதல்ல. யுவான் மெய் என்னும் புலவர் வூயித் தேயிலையை மருந்துபோல் கசப்பது என்று வெறுத்திருந்தவர். 1786-இல் மலைக்கே போய், அக்ரோட்டு அளவுக் கிண்ணத்தில் குடித்த பிறகுதான் மனம் மாறினார். கடைசியில் வெந்த இலையை நீரில் விரித்துப் பாருங்கள். ஆழமாய் வறுத்ததில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். ‘தேரை முதுகு’ என்பார்கள்.

இந்த நிதான முறையின் பெயர் கொங்ஃபு. உழைப்பு, திறம், பொழுது என்று பொருள். திரைப்படக் குங்ஃபூவும் இதே சொல். ஆங்கில வணிகர் கொங்கு என்று ஒரு கறுப்புத் தேயிலையை விற்றதும் இதே சொல்லால்தான். போஹீ என்று விற்றது, மின் ஒலியில் திரிந்த வூயி. நம் தோட்டத் தொழிற்சாலைகளில் புழங்கும் பெக்கோ, ஹொக்கியனில் ‘வெண்பூமுடி’. மொட்டின்மேல் இருக்கும் வெள்ளை மயிர். தேயிலைச் சொற்களில் பாதி ஃபுஜியென் சரக்கு.

ஊலாங் மட்டும் இழுபறி. ‘வூ’ காக்கை, அதன்வழி கருமை. ‘லோங்’ பறக்கும் பெருநாகம். அன்ஷி ஊரில் ஊலாங் என்னும் கறுத்த வேடன் மானைத் துரத்திப் போய் இலையை மறந்தான், அது சிவந்தது என்பது ஒரு கதை. செடியைக் கருநாகம் சுற்றியிருந்தது என்பது இன்னொன்று. பெயர் வைத்த பிறகு பிறந்த கதைகள், தள்ளுக. பழைய ஏட்டில் ஊலாங் என்று பார்த்தாலே பாய்வோரும் உண்டு. ‘சோ ஷென் ஹோ ஜி’ என்னும் பழங்கதைத் தொகுப்பில் அது ஒரு நாயின் பெயர்.

என் துணிபு வேறு. சோங் காலத்தில் வடக்கு ஃபுஜியெனின் பெய்யுவான் தோட்டங்களிலிருந்து அரண்மனைக்குப் போன வில்லைகளில் லோங் உருவம் பதித்திருந்தார்கள். பெயரே லோங் வில்லை. 1302-இல் வூயியிலேயே அரசத் தோட்டம் அமைந்தது. 1391-இல் மிங் பேரரசர் வில்லைத் திறையை ஒழித்தார். உதிரி இலை வந்தது. அந்நிலத்தில் தேயிலைக்கும் லோங்குக்கும் முன்னூறு ஆண்டுக்கு மேற்பட்ட உறவு இருந்தது. வறுத்து முறுக்கிய கறுத்த, நீண்ட இலைக்கு அந்தப் பழைய பெயரே கருமையையும் சேர்த்துக்கொண்டு ஒட்டியது என்றே கொள்கிறேன். இடையில் ஒரு கண்ணி இல்லைதான்; கொள்கையை விடுவதாயில்லை. வேடனை நம்புவோர் லு திங்த்ஸானுக்கு முந்திய ஏடு ஒன்றில் அவனைக் காட்டட்டும்.