பாலாற்றில் கரைந்த உப்பு: தோல் பதனிடும் தொழிலின் வேதியியல் வரலாறு

பாலாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாக வயலூர் அருகே கடலில் சேர்கிறது. மேலே நீர் தெரியாத மாதங்களிலும் மணலுக்கு அடியில் ஊற்று ஓடும். அந்த நீரை ஊற்றுக்கால்கள் வெட்டி வயலுக்குக் கொண்டுசென்றவர்கள் இக்கரைகளின் உழவர்கள். அடிநீரே ஆறாக இருக்கும் நிலத்தில் மேலே கொட்டுவது எதுவும் மேலேயே நிற்பதில்லை. அது கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

இந்த ஆற்றின் மாசு பற்றிய பேச்சு பெரும்பாலும் குரோமியத்தைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. குரோமியத்தின் தீமை மெய்யானது. ஆனால் வயல்களையும் கிணறுகளையும் பரந்த அளவில் கெடுத்ததில் பெரும்பங்கு சோற்றுப்புக்கு உண்டு என்பதும், அதை நாம் தாமதமாகவே கணக்கில் எடுத்தோம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பட்டையின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துத் தோல் பெரிதும் ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதப்பட்டது. பட்டையிலுள்ள துவர்ப்பொருளான டானின், தோலின் புரத இழைகளோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. தொட்டி தொட்டியாக மாற்றி ஊறவைக்கப் பல வாரங்கள் ஆகும். இப்படிப் பாதி பதப்பட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தைக்குப் போனது. அதன் கழிவு நீரும் தூயதல்ல. பழுப்பு நிறமும் நாற்றமும் கொண்ட அந்த நீர், ஆற்றின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். ஆனால் வேலை மெதுவாக நடந்ததால் கழிவின் அளவுக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது.

குரோமியத்தின் வருகை

குரோமிய உப்பு தோலைப் பதப்படுத்தும் என்பதை 1858-இல் ஜெர்மனியின் பிரீட்ரிக் நாப் காட்டினார். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் சூல்ட்ஸ் இரு தொட்டி முறைக்கும், 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் ஒற்றைத் தொட்டி முறைக்கும் காப்புரிமை பெற்றனர். வாரக்கணக்கான வேலை ஒரு நாளுக்குள் சுருங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இம்முறையைச் சென்னையில் சோதித்துப் பரப்பினார். பின்னர் சென்னைக்கு அருகே தோன்றிய குரோம் தோல் ஆலையால் ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் அமைந்தது.

என்றாலும் பாலாற்றுக் கரையில் பெருமாற்றம் நிகழ்ந்தது சட்டத்தால். 1973-இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாதி பதப்பட்ட தோலின் ஏற்றுமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. முழுதும் பதப்பட்ட தோலாகவும் செருப்பாகவும் விற்றால் நாட்டுக்குக் கூடுதல் வருவாயும் வேலையும் கிடைக்கும் என்ற எண்ணம் சரியானதே. ஆனால் அதுவரை வெளிநாட்டு ஆலைகளில் நடந்த வேதி வேலைகளும், அவற்றின் கழிவும் சேர்ந்தே இங்கு வந்தன. தோல் பெருகியது, வேலை பெருகியது, கழிவு நீரும் பெருகியது.

மண்ணில் தங்கியதும் கிணற்றை எட்டியதும்

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிடுவார்கள். ஆயிரம் கிலோ தோலுக்கு ஏறத்தாழ 400 கிலோ உப்பு. ஆலையில் முதல் வேலை தோலை நீரில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. அடுத்து, மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். பிறகு கந்தக அமிலமும் மீண்டும் உப்பும் கலந்த கரைசல். அதன் பின்பே குரோமிய சல்ஃபேட். வழக்கமான முறையில் அந்தக் குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவே தோலில் ஏறும். மீதி வடிகாலுக்குப் போகும்.

வடிகாலில் இறங்கிய பொருள்களின் கதி ஒன்றாக இல்லை. தோலில் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் காரத்தன்மையுள்ள மண்ணில் ஹைட்ராக்சைடாகப் படிந்து, சேற்றோடு ஒட்டிக்கொள்கிறது. குளோரைடு எதனோடும் ஒட்டாமல் நீர் போகும் இடமெல்லாம் போகிறது. சோடியமோ களிமண்ணைப் பிடித்து, அதிலுள்ள கால்சியத்தை வெளியேற்றுகிறது. அதனால் மண்கட்டி உடைந்து, துளைகள் அடைபட்டு, நிலம் நீரை உறிஞ்ச மறுக்கிறது. பயிரின் வேருக்கு ஈரம் பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

அறுவிணைதிறன் குரோமியத்தின் இயல்பு வேறு. அது நீரில் கரைந்து ஓடும், புற்றுநோயையும் உண்டாக்கும். தோல் தொழிலுக்கான குரோமிய உப்பைத் தயாரித்த இராணிப்பேட்டை ஆலை ஒன்று 1990-களில் மூடப்பட்டபோது, அந்தக் குரோமியம் கலந்த லட்சக்கணக்கான டன் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து கசிந்த மஞ்சள் நீர் அப்பகுதியின் கொடுமையான அடையாளமாயிற்று.

காற்றில் கலந்தது

நீரின் கேடு அங்கேயே காற்றின் கேடாகவும் மாறுகிறது. சுண்ணாம்புத் தொட்டியின் சல்ஃபைடு காரக் கரைசலில் அடங்கிக் கிடக்கும். அமிலக் கழிவோடு ஒரே வடிகாலில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளிப்படும். சேறாகத் தேங்கிய தொட்டியின் அடியில், சல்ஃபேட்டிலிருந்து நுண்ணுயிரிகளும் அதையே உண்டாக்கும். காற்றைவிடக் கனமான அவ்வாயு குழியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். செறிவு ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. கழிவுத் தொட்டியில் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவரும் மடிவது இதனால்தான். இந்த மரணங்களை விபத்து என்று எழுதி முடிப்பது நியாயமல்ல. வேதியியல் முன்கூட்டியே சொல்லிவிட்ட மரணங்கள் அவை.

நீதிமன்றமும் சுத்திகரிப்பும்

1974-இல் நீர்ச் சட்டமும் 1981-இல் காற்றுச் சட்டமும் வந்தன. 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்பதையும், முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதென்ற மதிப்பீடு அதில் பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் நீர் செலவாவதும் அதில் இடம்பெற்றது. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001-இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது.

ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. அவை கரிமப் பொருளைச் சிதைத்தன, குரோமியத்தைச் சேறாகப் படியவைத்தன. உப்பு அவற்றினூடே அப்படியே கடந்து போனது. ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பை அவற்றால் எட்ட முடியவில்லை. எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கலன்களும் சேர்க்கப்பட்ட பின் நீர் மீண்டது. கலப்பு உப்போ யாருக்கும் பயன்படாமல் கொட்டகைகளில் குவிந்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர். ஆற்றிலிருந்து பிரித்தெடுத்த கேடு இல்லாமல் போய்விடவில்லை என்பதை அந்த இரவு காட்டியது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் ஆணையிட வேண்டியிருந்தது.

முடிவுரை

குரோமியத்தை மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். சல்ஃபைடுக்குப் பதில் நொதிகளைக் கொண்டு மயிர் நீக்கலாம். உப்புக்குக் கடைமடையில் மலிவான தீர்வு இல்லை, தலைமடையில் இருக்கிறது. தோலைக் குளிரூட்டிக் காத்தால் உப்பிடவே வேண்டாம். குறைந்த உப்பிட்டுப் பதப்படுத்தலாம். நனைக்கும் முன் தோலை உதறினால் ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பங்கு உலர்ந்த நிலையிலேயே கைக்கு வரும். நீரில் இறங்காத உப்பை மட்டுமே நாம் உறுதியாகத் தடுக்க முடியும். ஆகவே கண்காணிப்பு கழிவுக் குழாயின் முனையோடு நின்றுவிடாமல், தோல் உப்பிடப்படும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஊற்றுக்காலில் இனி இறங்கும் மழை நீராவது உவர்க்காமல் வயலை அடைய அதுவே வழி.